மாலையில் வீடு திரும்பும் நோயாளிகள்

ஹீத்ரூவில் இறங்கும் விமானங்கள் ஐல்வொர்த் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தாழப் பறந்து போகின்றன. லண்டனின் மேற்கில், தேம்ஸ் நதியை ஒட்டி இருக்கிறது இந்தப் பகுதி. லண்டனுக்கு வரும் நம்மவர்கள் டவர் பாலத்தையும் பக்கிங்ஹாம் அரண்மனையையும் பார்ப்பார்கள். ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிடுவார்கள். ஐல்வொர்த் பக்கம் வர அவர்களுக்குக் காரணம் இருக்காது. எனக்கு இருந்தது. டுவிக்கன்ஹாம் சாலையில் உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்று அங்கே நிற்பது இந்த நூற்றாண்டில் எழுந்த புதுக் கட்டடம். வாசலில் ஆம்புலன்ஸ்கள், பஞ்சாபி பேசும் குடும்பங்கள், காபிக் கடை என்று எந்த நகரத்து மருத்துவமனையையும் போலவே இருக்கிறது. ஆனால் வயதானவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் விதம் மாறத் தொடங்கிய இடங்களில் இது முதன்மையானது. 1935-இல் இந்த மருத்துவமனை, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பிரிவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் விடுதி என்றால், உடம்பில் தெம்பு இருப்பவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் இடம். தெம்பு இல்லாத முதியவர்கள் அதன் நோயாளர் பிரிவில் சாகும்வரை படுத்துக் கிடப்பார்கள். அப்படிப் படுத்துக் கிடந்த 714 பேரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்து சேர்ந்தது.

அவர் செய்ததை இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். இவருக்கு என்ன நோய், ஏன் படுத்திருக்கிறார், எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்கவில்லை. பக்கவாதம் வந்து வருடக்கணக்கில் படுக்கையில் இருந்தவர்களுக்கு நடக்கப் பயிற்சி கொடுத்தார். சுவருக்கு வெளிச்சமான வண்ணம் அடிக்க வைத்தார், விளக்குகளைக் கூட்டினார், உட்காரத் தோதான நாற்காலிகளைக் கொண்டுவந்தார். எத்தனையோ பேர் எழுந்து நடந்தார்கள். கணிசமானவர்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். அவருக்குத் தேவைப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 1943-இலும் 1946-இலும் அவர் மருத்துவ இதழ்களில் எழுதிய கட்டுரைகள், முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேண்டும் என்று கேட்டன. வாரனும் அவரைப் போல யோசித்த சில மருத்துவர்களும் 1947-இல் தொடங்கிய சங்கம்தான் இன்றைய பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம்.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரைத் தேடித்தான் அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் பேருந்து ஏறினேன்.

கௌலி சாலையில்

ஆக்ஸ்போர்டு என்றதும் நம் மனத்தில் வருகிற கல்லூரிக் கோபுரங்களும் புல்வெளி முற்றங்களும் மாட்லின் பாலத்துக்கு மேற்கே இருக்கின்றன. பாலத்தைக் கடந்து கிழக்கே வந்தால் ஊரின் முகமே வேறு. கௌலி சாலையில் ஹலால் இறைச்சிக் கடை, போலந்துக்காரரின் மளிகைக் கடை, கரீபிய உணவகம், வங்காளிகளின் கறி உணவகம் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சாலை போய்ச் சேரும் கௌலியில் மோரிஸ் கார் தொழிற்சாலை இருந்தது. இன்று கௌலியில் மினி கார்கள் தயாராகின்றன. அந்தத் தொழிற்சாலையை நம்பிப் பாகிஸ்தானிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கடைகளை நடத்துகிறார்கள்.

சாலையிலிருந்து மன்சில் வே என்ற கிளைத்தெரு பிரிகிறது. உள்ளே நுழைந்தால் ஒரு மசூதி, ஒரு சுகாதார மையம், சிறு பூங்கா. 1860களில் இங்கே கட்டப்பட்ட ஏழைகள் விடுதிதான் பிற்காலத்தில் கௌலி சாலை மருத்துவமனை ஆனது. 1980களில் அது மூடப்பட்டு இடிக்கப்பட்டது. விடுதியின் சிற்றாலயம் மட்டும் தப்பித்து ஆசியப் பண்பாட்டு மையமாக இருக்கிறது. பூங்கா பெஞ்சில் இரண்டு முதியவர்கள் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே இருந்த மருத்துவமனையைப் பற்றிக் கேட்டேன். ஒருவருக்கு நினைவிருந்தது, அவர் மகள் சிறுமியாக இருந்தபோது அந்தப் பழைய மதிற்சுவரை ஒட்டித்தான் பள்ளிக்கு நடந்து போவாளாம்.

1950-இல் இந்த மருத்துவமனைக்கு வந்தவர்தான் நான் தேடி வந்த லயனல் கோசின். அறுவை மருத்துவர். போர்க்காலத்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் இருந்த ஆர்செட் லாட்ஜ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகளைப் படுக்கையில் கிடத்திவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதுதான் அன்றைய வழக்கம். கோசின் அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, சீக்கிரமே எழுப்பி நடக்க வைத்தார். நடந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். முதியவர்களின் உடம்பைப் பற்றி அவருக்கு முதலில் கிடைத்த பாடம் அது.

ஆக்ஸ்போர்டில் அவருக்கு வேறொரு பிரச்சினை எதிர்ப்பட்டது. தேறி வீட்டுக்குப் போனவர்கள் சில மாதங்களில் மறுபடி தளர்ந்து திரும்பி வந்தார்கள். வீட்டில் அவர்களை நடக்க வைக்க ஆள் இல்லை. பார்த்துக்கொள்ளும் மகளோ பகலில் வேலைக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம், படுக்கையே தேவைப்படாத பலர், வீட்டில் விட முடியாது என்ற ஒரே காரணத்துக்காக வார்டில் இருந்தார்கள். காலையில் வண்டியில் அழைத்து வந்து, பகல் முழுக்கச் சிகிச்சையும் பயிற்சியும் சாப்பாடும் கொடுத்து, மாலையில் வீட்டில் விட்டுவிட்டால் என்ன என்று கோசின் யோசித்தார். மனநல மருத்துவத்தில் இந்த ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது: 1933-இல் மாஸ்கோவிலும் 1946-இல் மாண்ட்ரியலிலும் லண்டனிலும் பகல்நேர மனநலச் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். கோசின் அதை முதியவர்களிடம் கொண்டுவந்தார். 1950களின் தொடக்கத்தில் சிறிய அளவில் நடந்த முயற்சிக்கு 1958-இல் தனிக் கட்டடமே கிடைத்தது. முதியோருக்கென்றே கட்டப்பட்ட முதல் பகல்நேர மருத்துவமனை பிரிட்டனில் அதுதான். நான் நின்றுகொண்டிருந்த இந்தப் பூங்காவும் தெருவும்தான் அதன் வளாகம். ஒரு பெயர்ப்பலகையாவது வைத்திருக்கலாம் என்று மனம் கேட்டது.

படுக்கை எப்படி ஆபத்தாகும் என்பதை அந்த நாட்களிலேயே சிலர் கண்டுகொண்டார்கள். ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் 1947-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைகிறது, தோல் புண்ணாகிறது, மூட்டு இறுகுகிறது, எலும்பு சத்து இழக்கிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது, மலம் இறுகுகிறது, மனம் சோர்ந்து போகிறது என்று அதில் உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்னார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2007-இல் வந்த அமெரிக்க ஆய்வு அதை அளந்தே காட்டியது. நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். இரு கால்களிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை. எண்பது வயதில் நிமோனியாவோடு பத்து நாள் படுக்கிறவர் எழுந்திருக்கும்போது, காய்ச்சல் போயிருக்கும். கழிவறை வரை நடக்கும் பலமும் கூடவே போயிருக்கும்.

காலை ஒன்பதரைக்கு வரும் வண்டி

கோசினின் கட்டடம் போய்விட்டாலும் அவருடைய ஏற்பாடு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பல ஊர்களில் பல பெயர்களில் நடக்கிறது. ஆக்ஸ்போர்டிலிருந்து பேருந்தில் போகக்கூடிய ஒரு சிறுநகரத்தில், நண்பர் ஒருவரின் உதவியால், அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பகல் முழுவதும் இருக்க அனுமதி கிடைத்தது. நோயாளிகளின் அந்தரங்கம் கருதி ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார்கள். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், நடுவே சந்தைச் சதுக்கம், அதற்கு அப்பால் ஒற்றை மாடிச் சமுதாய மருத்துவமனை. அதன் ஓரத்துக் கூடத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

ஒன்பதரை மணிக்கு, பின்பக்கம் சக்கர நாற்காலி ஏறும் பலகை வைத்த வேன் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் மேல்கோட்டைக் கழற்ற உதவி, சூடாக ஒரு தேநீர். அப்போதே வேலை தொடங்கிவிடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. யார் கோப்பையைப் பிடிக்கையில் கை நடுங்குகிறது, யார் நாற்காலியில் தொப்பென்று விழுந்து உட்காருகிறார், யார் போன வாரத்தைவிட இளைத்திருக்கிறார் என்று ஒரு செவிலியர் பேச்சுக் கொடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுற்றிக்காட்டியவர் வேலூரில் படித்துவிட்டு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர். “சார், இங்க கட்டில் நாலுதான் இருக்கு. அதுவும் படுத்துத் தூங்குறதுக்கு இல்ல, பரிசோதனைக்கு” என்றார். அந்தக் கட்டில் ஒன்றில் 87 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். வீட்டில் இரண்டு முறை விழுந்தவர். இரண்டும் அதிகாலையில், கழிவறைக்குப் போக எழுந்தபோது. ஐந்து நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள்: 146. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்கள்: 112. “லேசாத் தலை சுத்துது” என்று அவர் சொல்வதற்கு முன்பே செவிலியரின் கை அவர் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை: 118. நிற்கும்போது மேல் அளவு இருபது புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. இவருக்கு முப்பத்து நாலு இறங்கியிருக்கிறது.

பக்கத்து மேசையில் மருந்தாளுநர் அந்த அம்மாவின் மாத்திரைப் பையைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கினார். இதய மருத்துவர் கொடுத்தது, சிறுநீர் அடிக்கடி போகாமலிருக்க வேறொருவர் கொடுத்தது, தூக்கம் வர இன்னொருவர் கொடுத்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் எல்லோரும் சரியான காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் யாரும் இருக்கவில்லை. முதியோர் மருத்துவர் வந்து பார்த்து ஒரு மாத்திரையை நிறுத்தினார், ஒன்றைப் பாதியாக்கினார். எழுந்ததும் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, காலை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று சொன்னதோடு விடாமல், அதை அங்கேயே செய்து பார்க்க வைத்தார். இந்த அம்மா மூன்றாவது முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால்? அப்படி முறிந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஒரு கருவியும் இரண்டு மாத்திரைகளும் ஐந்து நிமிடப் பொறுமையும் அந்தக் காலையில் அதைத்தான் தடுக்கப் பார்த்தன.

அடுத்து இயன்முறை மருத்துவர். கைப்பிடி உள்ள நாற்காலி, அதற்கு நேரே மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டை. எழுந்து, பட்டை வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கையில் கடிகாரம். இந்தச் சோதனை 1991 முதல் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு 25 நொடி ஆனது. திரும்புகிற இடத்தில்தான் தடுமாறினார். இயன்முறை மருத்துவர் உடனே பயிற்சிக்குப் போகவில்லை. அவருடைய கைத்தடியை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். அடியில் இருந்த ரப்பர் பூண் ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. தடியும் உயரம் அதிகம், இறந்துபோன கணவருடையதாம். செருப்போடு நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பு வரை அளந்து, துளைகளில் ஏற்றி இறக்கும் அலுமினியத் தடி ஒன்றைக் கொடுத்தார். கணவரின் தடியை என்ன செய்வது என்று அந்த அம்மா தயங்கினார். “அது வீட்டிலேயே கதவு பக்கத்தில் இருக்கட்டும், இது வெளியே வரட்டும்” என்றார் அவர். அம்மா சம்மதித்தார்.

கூடத்தின் மறுகோடியில் ஒரு சமையலறை. நிஜமான அடுப்பு, தண்ணீர்க் குழாய், குளிர்பெட்டி, அலமாரி. பக்கவாதம் வந்து இடது கை சரியாக வராத ஒருவர் அங்கே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். கெட்டிலைச் சாய்க்க ஒரு சட்டம், கோப்பை வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. தெரபிஸ்ட் இரண்டடி தள்ளி நின்றார், உதவவில்லை. அவர் பால் புட்டியின் மூடியைத் திறக்கத் திணறினார்; முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கித் திறந்தார். கெட்டிலின் சுவிட்சை அணைக்க மறந்தார். திரும்பி வந்து அணைத்தார். மொத்தம் பதினான்கு நிமிடம். “நான் உதவி செஞ்சிருந்தா ரெண்டே நிமிஷம் சார். ஆனா நாளைக்குக் காலைல அவர் வீட்டுல நான் இருக்க மாட்டேனே” என்றார் அந்தப் பெண். அவர் போட்ட தேநீரை மூவரும் சேர்ந்தே குடித்தோம்.

பகல் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இங்கே வருகிற பலருக்கு வாரத்தில் மற்ற நாட்களில் துணையோடு சாப்பிடக் கிடைப்பதில்லை. ஆனாலும் இது பொழுது போக்குகிற இடமல்ல. அதற்கு முதியோர் பகல் மையங்கள் தனியாக இருக்கின்றன. இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குறிக்கோள் எழுதப்பட்டிருக்கிறது: தேவாலயத்துக்குத் தடியோடு நடந்து போவது, மாடிப்படி ஏறித் தன் படுக்கையிலேயே தூங்குவது, பேரன் கல்யாணத்தில் நிற்பது. வாரம் ஒன்றிரண்டு நாள் என்று சில வாரங்கள் வருவார்கள். குறிக்கோளை எட்டியதும் விடைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். வந்துகொண்டே இருப்பது சிகிச்சையின் வெற்றி ஆகாது என்பதில் அங்கே எல்லோரும் தெளிவாக இருந்தார்கள்.

இரண்டு மணிக்குக் கூட்டம். மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், தெரபிஸ்ட், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி. ஒருவரைப் பற்றி ஆறு பேர் பேசுகிறார்கள். மருத்துவர் நினைவாற்றல் குறைவைப் பற்றிச் சொன்னபோது, அதே நோயாளிக்குக் காதில் மெழுகு அடைத்திருப்பதைச் செவிலியர் சொன்னார். ஒரு முதியவருக்கு வீட்டுக் குளியலறையில் கைப்பிடி பொருத்த வேண்டும் என்று தெரபிஸ்ட் கேட்க, அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கே முதுகுவலி, அவருக்கும் ஓய்வு வேண்டும் என்று சமூகப் பணியாளர் நினைவூட்டினார். ஸ்காட்லாந்து மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ் 1960களில் முதுமையின் பெரும் பூதங்கள் என்று நான்கைக் குறித்தார்: நடமாட முடியாமை, தள்ளாடி விழுதல், சிறுநீர் மலம் அடங்காமை, அறிவு மங்கல். நான்கும் ஒரே நேரத்தில், ஒருவர் உடம்பிலேயே வந்து குடியேறக்கூடியவை. ஒற்றை நோய்க்கு ஒற்றை மருத்துவர் என்ற முறை அவற்றின் முன்னால் நிற்காது. இந்த மேசை நிற்கிறது.

மூன்றரைக்கு வேன் திரும்ப வந்தது. 87 வயது அம்மா புதுத் தடியோடு படியேறினார். அவருடைய மகளுக்கு ஒரு தாள் தரப்பட்டது: எந்த மாத்திரை நின்றது, எது குறைந்தது, அடுத்த முறை எப்போது என்று பெரிய எழுத்தில்.

செலவும் சான்றும்

இத்தனையும் பார்த்த பிறகு, பிரிட்டனில் இது தழைத்தோங்கி நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1960களிலும் 70களிலும் அப்படித்தான் இருந்தது. 1970-இல் முதியோர் மருத்துவர் ஜான் பிராக்கில்ஹர்ஸ்ட் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிறகு கேள்விகள் எழுந்தன. முதல் கேள்வி வண்டி. ஒவ்வொரு வீடாக நின்று ஏற்றி வரும் வேனில் சிலர் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது; வந்து சேரும்போதே களைத்துவிடுகிறார்கள். வண்டி தாமதமானால் சிகிச்சை நேரம்தான் குறைகிறது. இரண்டாவது கேள்வி செலவு. இத்தனை நிபுணர்கள் ஒரு நாளில் பத்துப் பேருக்கும் குறைவானவர்களைப் பார்த்தால் கட்டுப்படியாகுமா? 1994-இல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே இங்கிலாந்தின் பகல்நேர மருத்துவமனைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பிராட்ஃபோர்டில் நடந்த ஓர் ஆய்வு, பக்கவாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது பகல்நேர மருத்துவமனையைவிடச் சற்று நல்ல பலன் தந்ததாக 1992-இல் சொன்னது.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2015-இல் வந்தது. 16 ஆய்வுகள், 3,689 முதியவர்கள். அது சொன்ன முடிவை இரண்டு பாதியாகப் படிக்க வேண்டும். முழுமையான முதியோர் கவனிப்பு எதுவுமே கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், பகல்நேர மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே மரணமோ மோசமான முடிவோ குறைவு. வீட்டிலேயோ வார்டிலேயோ வேறு வழியில் அதே முழுமையான கவனிப்பைப் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை.

இதனால் சில இடங்களில் பகல்நேர மருத்துவமனைகள் மூடப்பட்டன; சில உருமாறின. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே அபிங்டன் சமுதாய மருத்துவமனையில் 2010-இலிருந்து நடக்கும் அவசரப் பன்முகப் பிரிவு இந்த உருமாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. திடீரென்று நோய்வாய்ப்பட்ட முதியவரை அங்கே அழைத்து வந்து, அன்றே ரத்தம் பார்த்து, படம் எடுத்து, நரம்பு வழி மருந்து ஏற்றி, பெரும்பாலானவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கோசின் வாரக்கணக்கில் செய்ததை, உடனடி நோய்க்கு ஒரே நாளில் செய்கிறார்கள். முறை மாறியிருக்கிறது, இரவு அவரவர் கட்டிலில் தூங்க வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

காக்ரேன் முடிவின் முதல் பாதிதான் என்னைக் கூடுதலாகத் தொட்டது. வேறு எந்த முழுமையான கவனிப்பும் இல்லாத இடத்தில் பகல்நேர மருத்துவமனை பலன் தருகிறது என்றால், அது யாருக்குச் சொன்ன செய்தி? பிரிட்டனுக்கு அல்ல. நமக்கு.

நம் ஊர்க் கணக்கு

முதியோர் மருத்துவத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை வளர்ந்த காலத்தில், வெள்ளைக்கார மருத்துவர்கள் பலர் முதியோர் வார்டுகளை விரும்பவில்லை. பெயரும் வருமானமும் இதய மருத்துவத்திலும் அறுவையிலும் இருந்தன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போன மருத்துவர்களுக்கு அந்தக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. முதியோர் துறைதான் திறந்தது. அவர்கள் அந்தத் துறையையே தூக்கி நிறுத்தினார்கள். இன்றைய பிரிட்டிஷ் முதியோர் மருத்துவத்தின் அடித்தளத்தில் தெற்காசியரின் உழைப்பு இருக்கிறது என்பதை அங்குள்ள வரலாற்று ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அறிவு சென்னைக்கும் வந்தது. பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு 1996-இல் முதலில் வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன; இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். இவையெல்லாம் உண்மையான சாதனைகள், பெருமைப்பட வேண்டியவை.

ஆனால் நடுவில் ஒரு படி இல்லை. ஒரு முனையில் படுக்கை, மறுமுனையில் வீட்டு வாசல். இடையில் ஒரு பகல் முழுக்க ஒரு முதியவரை உட்கார வைத்து, நடக்க வைத்து, அவர் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்க்கும் இடம் இல்லை. சர்க்கரைக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், மூட்டுக்கு ஒரு நாள் என்று புறநோயாளிச் சீட்டோடு வரிசையில் நிற்கிற பாட்டியோடு, அன்றைய கூலியை விட்டுவிட்டு மருமகளோ மகனோ வந்து நிற்கிறார். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு மாத்திரை கூடுகிறது. அவர் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பவர் இல்லை. நின்ற நிலையில் ரத்த அழுத்தம் பார்ப்பது அரிது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீடு 13.6. நாட்டில் கேரளத்துக்கு அடுத்து வேகமாக மூப்படைந்துவரும் மாநிலங்களில் நம்முடையது ஒன்று. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் இரண்டு முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் வீடுகள் தெருவுக்கு நாலைந்து இருக்கின்றன.

ஆக்ஸ்போர்டின் ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தால் ஒட்டாது. நம் பாட்டி கெட்டிலில் தேநீர் போடுகிறாரா என்று பார்த்து என்ன பயன்? தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, ஈரமான குளியலறையில் கால் ஊன்றுகிறதா, குந்தி உட்காரும் கழிவறையிலிருந்து எதைப் பிடித்து எழுகிறார், குடத்தை எத்தனை தூரம் தூக்குகிறார், பேருந்தின் முதல் படி ஏற முடிகிறதா என்பவைதான் நம் சோதனைகளாக வேண்டும். பயிற்சிக் கூடத்தில் ஒரு திண்ணை, ஓர் அம்மி உயர மேடை, ஓர் இந்தியக் கழிவறை வேண்டும். வேனுக்குப் பதில், ஒரே பகுதியிலிருந்து நாலு பேரை ஏற்றி வரும் ஆட்டோ போதும்; பிரிட்டனைக் களைப்படைய வைத்த நெடும்பயணத்தை, தாலுகா அளவிலேயே நடத்தினால் நாம் தவிர்த்துவிடலாம். கூடவே வருகிற மகளையோ மருமகளையோ நம்மால் வெளியே காத்திருக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இரவில் எழுப்பி நடத்திச் செல்லப்போகிறவர் அவர்தான். பயிற்சியில் பாதி அவருக்கும் சேர்த்தே இருக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை. முதியோருக்கான தேசியத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பத்துப் படுக்கை முதியோர் வார்டுகளுக்கு வழி செய்திருக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் உண்டு. அதே வார்டை ஒட்டிய ஒரு கூடத்தை வாரம் இரண்டு பகல் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். கைப்பிடி உள்ள நாற்காலி, மூன்று மீட்டருக்கு ஒரு பட்டை, ரத்த அழுத்தக் கருவி, தடிகளுக்கு ரப்பர் பூண், பகல் சாப்பாடு, இவற்றோடு ஆறு பேர் ஒன்றாக உட்கார ஒரு மேசை. இதில் கிடைக்கக் கடினமானது அந்த மேசைதான்; வெவ்வேறு துறையினரை ஒரே நேரத்தில் ஒரே முதியவரைப் பற்றிப் பேச வைப்பதற்கு நிர்வாக உறுதி வேண்டும். அந்த உறுதியை வரவழைக்க வேண்டியது, வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருக்கும் நம் ஒவ்வொருவரின் வேலை. கிராமசபையில் கேட்கலாம், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் சொல்லலாம். எங்கே தொடங்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குங்கள் என்று சொல்லுவோம்.